யார் பேசுறீங்க, எங்கிருந்து பேசுறீங்க?

பண்பலை வானொலியில் பகல் நேரத்து நேயர் நிகழ்ச்சி எதுவானாலும் முதல் கேள்வி இதுதான். "வணக்கம், யார் பேசுறீங்க? எங்கிருந்து பேசுறீங்க?" கேட்கிற அறிவிப்பாளருக்கு அது வாய்ப்பழக்கம். நம் பக்கத்திலிருந்து போன் போடுகிற பெண்ணுக்கு அது அவ்வளவு சுலபமான கேள்வி இல்லை. பெயரைச் சொல்லிவிடலாம். ஊரையும் சொல்லிவிடலாம். ஊரில் எந்தப் பக்கம் என்பதைத்தான் முழுங்க வேண்டியிருக்கிறது. சிலர் பஸ் ஸ்டாப்பின் பெயரைச் சொல்வார்கள். சிலர் பக்கத்து டவுனின் பெயரைச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

எங்கள் தோழர் ஒருவரின் அம்மா அப்படி முழுங்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பொங்கல் சமயம், லைன் கிடைத்த சந்தோஷத்தில் ஊர்ப் பெயரோடு "காலனி" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். மறுமுனையில் இருந்த பெண் நகரத்துப் பிள்ளை போலும். "ஓ, ஹவுசிங் போர்டு காலனியாம்மா?" என்றாள். அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு "ஆமாம்மா" என்றார். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஆனால் அம்மா இன்றைக்கும் எடுத்துச் சொல்வது அந்தச் சிரிப்பை அல்ல. "சாப்பிட்டீங்களாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டதைத்தான் சொல்வார். முன்பின் பார்க்காத ஒருத்தி, ஊரே கேட்கும்படி, தன்னை 'ங்க' போட்டு விசாரித்தாள் என்பதை. அவர் களை பறிக்கப் போகிற வீட்டில் ஐந்தாவது படிக்கும் பையன்கூட அவரைப் பெயர் சொல்லி "வா, போ" என்றுதான் பேசுகிறான்.

அரசியல் பேசுகிறவர்கள் பகல் நேர வானொலியைப் பொருட்படுத்துவதில்லை. நாங்களும் பொருட்படுத்தியதில்லை. சமையல் குறிப்பு, கல்யாண நாள் வாழ்த்து, மூட்டு வலிக்கு மருந்து, நடுவில் விளம்பரம். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் வானொலி வரலாற்றை வாசிக்கத் தொடங்கிய பிறகு அந்த அலட்சியம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அந்தக் கதையை இங்கே எழுதி வைக்கிறோம்.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் தொங்குகிறது. ஆங்கிலத்தில் அது பெயரின் தலையில் உட்கார்ந்திருக்கிறது: மிஸ்டர், மிஸஸ், மிஸ். அமெரிக்கத் தென்மாநிலங்களில் இந்த மூன்று சொற்களும் வெள்ளையருக்கு மட்டும் என்பது எழுதாத சட்டம். அறுபது வயதுக் கறுப்பரும் 'பாய்'தான், அதாவது பையன். வயதான பெண் என்றால் 'ஆன்ட்டி'. மற்றபடி வெறும் பெயர். கடையில், அஞ்சலகத்தில், நீதிமன்றத்தில், பத்திரிகையில், எங்கும் இப்படித்தான். நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1963 ஜூனில் அலபாமா மாநிலம் காட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண் சாட்சிக் கூண்டில் நின்றார். இனச் சமத்துவத்துக்கான அமைப்பொன்றின் களப்பணியாளர் அவர். அரசு வழக்கறிஞர் "மேரி" என்று அழைத்துக் கேள்வி கேட்டார். தன்னை மிஸ் ஹாமில்டன் என்று அழைக்காதவரை பதில் சொல்லப் போவதில்லை என்று அவர் நின்றுவிட்டார். நீதிமன்ற அவமதிப்பு என்று 5 நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964 மார்ச்சில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போடுவதா வேண்டாமா என்பது ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே, கறுப்பினப் பெண்களுக்கு உரிய மரியாதையோடு பேசிய ஒரு வானொலி டென்னசி மாநிலம் மெம்பிஸ் நகரத்தில் இருந்தது.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்திச் சந்தையாக வளர்ந்த நகரம் மெம்பிஸ். மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பர்கள். 1947 ஜூனில் ஜான் பெப்பர், பெர்ட் பெர்குசன் என்ற இரண்டு வெள்ளையர்கள் அங்கே டபிள்யூ.டி.ஐ.ஏ. என்ற சிறிய வானொலி நிலையத்தைத் தொடங்கினார்கள். வெறும் 250 வாட்ஸ் சக்தி. மற்ற நிலையங்கள் போட்ட பாட்டையே இவர்களும் போட்டார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. மூடிவிடலாமா என்ற நிலையில்தான் கறுப்பின மக்கள் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நியாய உணர்வு வந்து கதவைத் திறந்துவிடவில்லை. இந்த மக்களும் மாவு வாங்குகிறார்கள், சோப்பு வாங்குகிறார்கள், அவர்களிடம் பேச ஒரு வானொலியும் இல்லை என்ற கணக்கு அது. டீக்கடைக்காரருக்கு நம் காசில் தீட்டு இல்லாதது போல.

1948 அக்டோபர் 25 அன்று மாலை 4 மணிக்கு நாட் டி. வில்லியம்ஸ் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார். புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவர். பீல் தெரு அரங்கில் மேடை நிகழ்ச்சிகளை நடத்திப் பழகியவர். பள்ளிக்கூட மணி அடித்த பிறகு வேலைக்கு வந்தார். சிவப்பு விளக்கு எரிந்ததும் என்ன பேச வேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோனது. பயத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பின்னால் அந்தச் சிரிப்பே அவருடைய அடையாளமாகி, பல வருடம் நிகழ்ச்சியை அதிலேயே தொடங்கினார். அன்றைக்கு நிலையத்துக்குத் தொலைபேசியில் வெள்ளையர்களின் வசவும் மிரட்டலும் குவிந்தன. அதைவிட அதிகமாக வந்து சேர்ந்தார்கள் நேயர்கள். அடுத்த வருடத்துக்குள் நிலையத்தின் முழு நேர ஒலிபரப்பும் கறுப்பின மக்களுக்கானதாக மாறிவிட்டது. அமெரிக்காவில் அப்படி மாறிய முதல் நிலையம் அது.

அங்கே வேலை பார்த்தவர்களைப் பாருங்கள். ரூபஸ் தாமஸ் ஒரு துணி ஆலையில் கொதிகலன் வேலையை முடித்துவிட்டு வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். கிடாரோடு வேலை கேட்டு வந்த ஓர் இளைஞருக்கு 'பெப்டிகான்' என்ற டானிக்கை விற்கும் பத்து நிமிட நிகழ்ச்சியைக் கொடுத்தார்கள். அவர்தான் பின்னாளில் உலகம் கொண்டாடிய பி.பி. கிங். பாட்டுக்காரர்களின் கதையை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாங்கள் சொல்ல வருவது காலை நேரத்தைப் பற்றி.

1949இல் வில்லா மன்ரோ என்ற பெண் இல்லத்தரசிகளுக்கான ஒரு காலை நிகழ்ச்சியைத் தொடங்கினார். பெயர் 'டான் டவுன் ஹோம்மேக்கர்ஸ்'. பழுப்பு நிறத்தாரின் ஊர், அதன் இல்லத்தரசிகள் என்று பொருள் கொள்ளலாம். அந்தத் தலைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மெம்பிஸில் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் ஏராளமானோர் வெள்ளையர் வீடுகளில் சமையலும் துவைப்பும் பிள்ளை வளர்ப்பும் செய்தவர்கள். அடுத்தவர் இல்லத்தைக் கட்டிக் காப்பது அவர்கள் வேலை. அவர்களுக்கும் ஓர் இல்லம் உண்டு, அதற்கும் ஓர் அரசி உண்டு என்று அந்தத் தென்மாநில நகரத்தில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. வில்லா மன்ரோ சொன்னார். சமையல் குறிப்பு சொன்னார். எந்த மகளிர் சங்கம் எங்கே கூடுகிறது, யார் வீட்டில் திருமணம், எந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போகிறது என்று சொன்னார். ஆசிரியை, செவிலியர், சங்கத் தலைவி என்று கறுப்பினப் பெண்களை அழைத்துப் பேட்டி கண்டார்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்டால், அன்றைய வெள்ளையர் பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அவற்றில் கறுப்பரின் பெயர் வருவது பெரும்பாலும் குற்றச் செய்தியில். மெம்பிஸின் பெரிய நாளிதழ் 'கமர்ஷியல் அப்பீல்' கறுப்பரைக் கோமாளியாக வரைந்த 'ஹாம்போன்' என்ற சித்திரத்தை 1968 வரைக்கும் வெளியிட்டது. தினமும் காலையில் ஒரு மனிதர் தன் கேலிச்சித்திரத்தோடு கண் விழிக்க வேண்டும். அதே காலையில் வானொலியில் ஒரு பெண் அவருடைய மகளின் திருமணச் செய்தியை, குடும்பப் பெயரோடும் மரியாதையோடும் வாசிக்கிறார். வெள்ளையர் வீட்டுச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருக்கும் பெண்ணும், எஜமானி வெளியே போன நேரத்தில், குமிழைத் திருப்பினால் அதைக் கேட்கலாம். பேருந்தில் பின் இருக்கை, கடையில் பின் வாசல் என்று ஒதுக்க முடிந்தவர்களால் காற்றில் பின் வாசல் வைக்க முடியவில்லை.

இன்னொன்று 'குட்வில்' அறிவிப்புகள். நல்லெண்ண அறிவிப்புகள் என்று சொல்லலாம். பிள்ளையைக் காணோம், மாடு தொலைந்துவிட்டது, பணப்பை விழுந்துவிட்டது, பல்செட்டை எங்கோ வைத்துவிட்டேன், வேலைக்கு ஆள் தேவை, இறப்புச் செய்தி, மாதா கோயில் விருந்து. எதுவானாலும் அனுப்பினால் காசு வாங்காமல் வாசிப்பார்கள். பல்செட் கதையைச் சொல்லிச் சிரிக்கிற கட்டுரைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். சிரிக்கலாம். ஆனால் காணாமல் போன கறுப்பினக் குழந்தைக்காக எந்தக் காவல் நிலையம் உடனே அசைந்தது? அந்த மக்களுக்கு நகராட்சி, காவல்துறை, வேலைவாய்ப்பு அலுவலகம், தபால்காரர் எல்லாமாக ஒரு வானொலி இருக்க வேண்டிவந்தது. நிலையம் திரட்டிய நல்லெண்ண நிதியில்தான் ஊனமுற்ற கறுப்பினக் குழந்தைகள் பள்ளிக்குப் போகப் பேருந்து வாங்கினார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்கு நகரம் கொடுத்த பேருந்து இவர்களுக்குக் கிடையாது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். முதலாளிகள் வெள்ளையர்கள். ஆரம்ப வருடங்களில் கறுப்பின அறிவிப்பாளர் பேசலாம், ஆனால் எதிரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விசைப்பலகையை இயக்குவது வெள்ளையர். நாட் டி. 1949இல் 'பிரவுன் அமெரிக்கா ஸ்பீக்ஸ்' என்று ஒரு கலந்துரையாடலைத் தொடங்கி, கறுப்பினத்தாரின் பிரச்சினைகளைக் கறுப்பினத்தாரே உட்கார்ந்து பேசும்படி செய்தார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய துணிச்சல். மற்றபடி இன ஒதுக்கலை நேருக்கு நேர் அடிக்கும் பேச்சை நிலையம் நெடுநாள் அளந்துதான் அனுமதித்தது. விளம்பரதாரர் ஓடிவிடக் கூடாதே. தலித் வாசகர்களை நம்பி நடத்தப்படும் எத்தனையோ பத்திரிகைகளின் ஆசிரியர் அறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பகல் நேரம் என்பதற்கு இந்த வரலாற்றில் இன்னொரு பொருளும் உண்டு. மத்திய அலை ஒலிபரப்பு பகலில் தரையை ஒட்டிக் கொஞ்ச தூரமே போகும். இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டிப் போய் வேறு நிலையங்களோடு மோதும். அதனால் அமெரிக்க அரசு சிறிய நிலையங்கள் பலவற்றுக்குச் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை மட்டும் உரிமம் கொடுத்தது. டபிள்யூ.டி.ஐ.ஏ. அப்படித்தான் தொடங்கியது. பணம் படைத்த பெரிய நிலையங்களுக்கு இரவும் பகலும். பிந்தி வந்தவர்களுக்குப் பகல் மட்டும். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் குரல் அணைந்துவிடும். அதே நாட்டில் சூரியன் மறைந்த பிறகு கறுப்பர் தங்கக் கூடாது என்று பலகை மாட்டியிருந்த ஊர்களும் இருந்தன. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்பது தெரியும். இருந்தாலும் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தபோது எங்களுக்குத் துணுக்கென்றது. 1954இல்தான் டபிள்யூ.டி.ஐ.ஏ.வுக்கு 50,000 வாட்ஸ் கிடைத்தது. அதன் பிறகு மிசிசிப்பிச் சமவெளிப் பருத்திக் காடுகளைத் தாண்டிக் கேட்டது. அன்றைய அமெரிக்கக் கறுப்பின மக்களில் பத்தில் ஒருவர் அதன் எல்லைக்குள் இருந்தார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

சொந்தமாக ஒரு நிலையம் வாங்கியது அட்லாண்டாவில் நடந்தது. ஜெஸ்ஸி பிளேட்டன் கணக்காயர், பேராசிரியர். 1949இல் டபிள்யூ.இ.ஆர்.டி. என்ற நிலையத்தை 50,000 டாலருக்கு வாங்கினார். கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான முதல் அமெரிக்க வானொலி. அது இருந்த ஆபர்ன் அவென்யூ கட்டடத்திலேயே பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கும் அலுவலகம் அமைந்தது. கிங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவாராம். மேலே இருப்பவர்கள் ஜன்னல் வழியாக ஒலிவாங்கியைக் கீழே இறக்குவார்களாம். அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லி வந்த கதை இது.

பர்மிங்ஹாமில் நடந்தது கதை இல்லை. 1963 மே 2 அன்று பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வகுப்பை விட்டு வெளியேறி, பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்திலிருந்து அணி அணியாகப் புறப்பட்டுக் கைதானார்கள். பெரியவர்கள் கைதானால் வேலை போய்விடும், வீட்டு வாடகை நின்றுவிடும் என்ற நிலையில் பிள்ளைகள் எடுத்த போராட்டம். அவர்களுக்குச் சேதி சொன்னவர்களில் ஷெல்லி ஸ்டூவர்ட், 'டால் பால்' ஒயிட் என்ற வானொலி அறிவிப்பாளர்களும் உண்டு. பூங்காவில் விருந்து இருக்கிறது, பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து வந்துவிடுங்கள் என்ற பொருளில் பாட்டுக்கு நடுவே பேசினார்கள். பிரஷ் எதற்கு? இரவு சிறையில். கேட்டுக்கொண்டிருந்த போலீசுக்கு அது வெட்டிப் பேச்சு. பிள்ளைகளுக்குப் புரிந்தது. அடுத்த நாள் அந்தப் பிள்ளைகள் மீதுதான் புல் கானர் நாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் ஏவினார்.

இதை ஒரே நாளில் கிடைத்த உத்தி என்று வாசித்தால் தவறிவிடுவோம். வெள்ளை அதிகாரிக்குப் புரியாமல், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி ஒருவர் வானொலியில் பேச வேண்டுமென்றால், இரண்டு பேரும் வருடக்கணக்கில் ஒன்றுமில்லாத விஷயங்களை ஒன்றாகப் பேசிப் பழகியிருக்க வேண்டும். காணாமல் போன மாடு, தேவாலயத்து விருந்து, நேற்றைய பேஸ்பால் ஆட்டம். எந்தத் தொனியில் விளையாட்டு, எந்தத் தொனியில் நிஜம் என்று அந்தப் பழக்கம்தான் சொல்லிக் கொடுத்திருக்கும். இந்த நன்றியை கிங் மறக்கவில்லை. 1967 ஆகஸ்டில் அட்லாண்டாவில் கூடிய கறுப்பின வானொலி அறிவிப்பாளர்களின் மாநாட்டுக்கு வந்து, அவர்கள் இல்லாமல் இயக்கம் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்ற பொருளில் பேசினார்.

வில்லா மன்ரோவின் காலை நிகழ்ச்சிக்கு என்ன ஆயிற்று? 1954இல் மார்த்தா ஜீன் ஸ்டைன்பெர்க் டபிள்யூ.டி.ஐ.ஏ.வுக்கு வந்தார். பின்னால் இல்லத்தரசிகள் நிகழ்ச்சி அவர் கைக்கு மாறியது. நேயர்கள் அவரை 'குயின்' என்றார்கள். 1963இல் டெட்ராய்ட் நகரத்துக்குப் போனார். கார் ஆலைத் தொழிலாளர்களின் ஊர். 1967 ஜூலையில் போலீஸ் அத்துமீறலில் பற்றிக்கொண்டு அந்த நகரம் எரிந்தது. 43 பேர் செத்தார்கள். மார்த்தா ஜீன் ஏறக்குறைய இரண்டு நாள் ஒலிவாங்கியை விட்டு நகராமல், வீட்டுக்குப் போங்கள், உயிரோடு இருங்கள் என்று மக்களிடம் பேசிக்கொண்டே இருந்தார். பிறகு அதே நகரத்தில் காவல்துறைத் தலைமையை நிகழ்ச்சிக்கு வரவழைத்து, தொலைபேசியில் மக்கள் கேள்வி கேட்க வழி செய்தார். அந்த நிகழ்ச்சிக்கு 'பஸ் தி ஃபஸ்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். ஃபஸ் என்றால் கொச்சையில் போலீஸ். நம் ஊரில் ஒரு காவல் கண்காணிப்பாளரை உட்கார வைத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஏன் வழக்குப் பதியவில்லை என்று சேரிப் பெண் ஒருத்தி போனில் கேட்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம். 1997இல் டெட்ராய்ட் வானொலி நிலையம் ஒன்றை மார்த்தா ஜீன் சொந்தமாகவே வாங்கினார். சமையல் குறிப்பு வாசித்துத் தொடங்கியவர் முதலாளி நாற்காலியில் உட்கார நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

மெம்பிஸுக்குத் திரும்புவோம். 1968 பிப்ரவரி 1 அன்று நல்ல மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் ஒதுங்க இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பகுதிக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை அழுத்தும் இயந்திரம் தானாக இயங்கி இருவரையும் நசுக்கியது. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மேயர் அசையவில்லை. அவர்களுக்கு ஆதரவாக வந்த இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். மலக்குழியில் செத்த நம் சகோதரர்களின் பெயர்களை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு அந்த இரண்டு பெயர்களும் அந்நியமல்ல.

அந்தத் தொழிலாளர்கள் கழுத்தில் மாட்டிய அட்டையில் 'ஐ ஆம் எ மேன்' என்று எழுதியிருந்தது. நான் ஒரு மனிதன் என்று தமிழில் சொல்கிறோம். அதில் பாதிதான் வருகிறது. 'மேன்' அங்கே 'பாய்' என்ற சொல்லுக்குப் பதில். கூலி உயர்வு, சங்க அங்கீகாரம் எல்லாம் கோரிக்கைப் பட்டியலில் இருந்தன. ஆனால் நெஞ்சில் மாட்டிக்கொண்டது இந்த ஒன்றைத்தான். நம் தெருவில் அதை எழுதினால் 'டேய் என்று கூப்பிடாதே' என்று எழுத வேண்டியிருக்கும். இருபது வருடம் வானொலியில் தங்கள் பெயர் மரியாதையோடு ஒலித்ததைக் கேட்ட நகரத்தின் தெருக்களில்தான் அந்த அட்டைகள் நடந்தன. வானொலிதான் போராட்டத்தை உண்டாக்கியது என்று நாங்கள் சொல்லவில்லை. மரியாதை எப்படி ஒலிக்கும் என்று ஒரு தலைமுறைக்குக் காது பழகியிருந்தது என்பதை மட்டும் சொல்கிறோம்.

இந்த வரலாறு நமக்குத் தொலைவானதும் அல்ல. அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வில் கறுப்பினத்தார் அளித்த மனுவைப் பற்றிக் கேட்டார். கிங் 1959இல் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தீண்டாமைக்குள்ளான பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு ஆம், நான் அதுதான் என்று ஏற்றுக்கொண்டதாகவும் கிங்கே 1965இல் சொன்னார். யார் பேசுறீங்க என்ற கேள்விக்கு அவரும் ஒரு கணம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

அச்சு வந்தபோது நம் முன்னோர்கள் சும்மா இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்து இதழ் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். அம்பேத்கரின் 'மூக்நாயக்' 1920இல். ஆனால் வானொலியை நாம் தொடவே முடியவில்லை. அச்சுக்கு ஒரு கையச்சு இயந்திரம் போதும். வானொலிக்கு அரசின் உரிமம் வேண்டும், அதை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. எங்கள் பெரியவர்கள் சொல்லும் வானொலி, ஊர்த்தெருவில் மாட்டிய பஞ்சாயத்து ரேடியோ. அந்த மேடைப் பக்கம் போய் உட்கார முடியாது. காற்று சேரிப் பக்கம் அடித்தால் செய்தி கேட்கும். இல்லாவிட்டால் அன்றைக்குச் செய்தி இல்லை.

அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1995 பிப்ரவரி வரை காத்திருந்தோம். அதுவும் கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கில். தீர்ப்பை எழுதியவர்களில் ஒருவர் நீதிபதி பி.பி. சாவந்த். பொதுச் சொத்து என்றதும் பெரும் பண்பலை உரிமங்கள் ஏலத்துக்குப் போயின. சமூக வானொலிக்குக் கல்வி நிறுவனங்கள் அல்லாத அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்று அனுமதித்தது 2006இல்.

தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கத்து மாச்சனூரில் இருக்கிறது சங்கம் வானொலி. டெக்கான் வளர்ச்சிச் சங்கத்தோடு இணைந்த தலித் பெண் விவசாயிகளின் நிலையம். உரிமம் கிடைக்காத வருடங்களில் பேச்சையும் பாட்டையும் ஒலிநாடாவில் பதிந்து, ஊர் ஊராகச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். ஆகாசவாணியின் தெலுங்கு எங்கள் வாயில் வருகிற தெலுங்கு அல்ல என்றார்கள். நிலையத்தை நடத்திய இரண்டு இளம்பெண்களுக்கும் நரசம்மா என்றே பெயர். 2008 அக்டோபர் 15 அன்று 90.4 அலைவரிசையில் ஒலிபரப்பு தொடங்கியபோது, திறந்து வைக்க வந்தவர் அதே பி.பி. சாவந்த். சிறுதானிய விதை, கால்நடை வைத்தியம், அறுவடைப் பாட்டு, பிள்ளைப்பேறு என்று பேசினார்கள். வில்லா மன்ரோ கேட்டிருந்தால் அவருக்கு மொழி புரிந்திருக்காது. நிகழ்ச்சி புரிந்திருக்கும்.

ஆனால் சமூக வானொலி விதிகளில் ஒரு வரி இருக்கிறது. சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக் கூடாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அந்த மக்களிடம் அன்று ஒரு சமூக வானொலி இருந்திருந்தால், குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அதில் சொல்லியிருக்கலாம். ஏன் காய்ச்ச வேண்டியிருக்கிறது என்பது செய்தி.